புதிய வெளிநாட்டுத் தூதர் டெல்லிக்கு வந்தால் அரசு என்னென்ன செய்ய வேண்டும்? ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நாடு தன் தூதரை மாற்றுகிறது என்றால் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். அந்த நான்கு வரிக்கு முன்னும் பின்னும் நம் வெளியுறவு அமைச்சகம் செய்கிற வேலை மாதக்கணக்கில் நீளும். விசா, மீனவர் கைது, இறக்குமதி வரி, ராணுவத் தளவாடம், மாணவர் சேர்க்கை என்று இரண்டு நாடுகளுக்கு இடையே எது கிளம்பினாலும் அந்த ஒருவர் மேசைக்கு ஒருமுறையாவது போகாமல் முடியாது. அவரோடு அரசு எப்படி வேலையைத் தொடங்க வேண்டும், எங்கே கவனம் தேவை, எங்கே பிசகுகிறது என்பதை டெல்லியின் நடைமுறையை வைத்தே இங்கே படிப்படியாக எழுதுகிறேன். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள், வெளியுறவுச் செய்தி எழுதுபவர்கள், மாநிலத் தலைநகரங்களில் தூதர் வருகையைக் கவனிக்கும் அலுவலர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது.

முதலில் ஒரு சிறிய வீட்டுப்பாடம். தூதரக உறவுகள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். மொத்தம் 53 பிரிவுகள்தான், ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். இந்தியா இதற்கு 1972-இல் தனிச் சட்டமே இயற்றி உள்நாட்டிலும் செல்லுபடியாக்கியிருக்கிறது. கீழே நான் சொல்வதில் பாதிக்கு மேல் அந்த 53 பிரிவுகளுக்குள் இருக்கிறது.

பெயர் வெளியே வருவதற்கு முன்

எந்த நாடும் நேராக ஒருவரைத் தூதர் என்று அனுப்பிவிட முடியாது. 'இவரை அனுப்ப நினைக்கிறோம், உங்களுக்குச் சம்மதமா?' என்று முதலில் கேட்க வேண்டும். உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்குகிறது. இந்த இசைவை 'அக்ரெமான்' என்பார்கள். பெண் கேட்டுப் போகிற வீட்டில் பேச்சு முடியும்வரை ஊருக்குச் சொல்ல மாட்டார்களே, அதே மாதிரிதான். கேட்பதும் ரகசியம், பதிலும் ரகசியம்.

டெல்லியில் இருக்கும் அந்த நாட்டுத் தூதரகம் புதியவரின் வாழ்க்கைக் குறிப்போடு கோரிக்கையைக் கொடுக்கும். அமைச்சகத்தில் புரோட்டோகால் பிரிவு, அதாவது வரவேற்பு முறைமைகளைக் கவனிக்கும் பிரிவு, அதை வாங்கிக்கொள்ளும். அந்த நாட்டைக் கவனிக்கும் பிராந்தியப் பிரிவு ஆளைப் பற்றி விசாரிக்கும். இந்த இடத்தில் அலுவலர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளிமையானவை. இவர் முன்பு வேலை பார்த்த நாடுகளில் எப்படி நடந்துகொண்டார்? இந்தியாவைப் பற்றிப் பொதுவெளியில் ஏதாவது பேசியிருக்கிறாரா? இவரை ஏற்றால் உள்நாட்டில் எந்தப் பிரச்சினை கிளம்பும்?

ஒப்புதல் என்றால் சீக்கிரம் சொல்லிவிடுவது நல்லது. மறுப்பு என்றால் காரணம் சொல்ல வேண்டிய கடமை கிடையாது, அதுவும் 4-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பெரும்பாலும் மறுப்பு மௌனமாகத்தான் வரும். கேட்ட நாடு குறிப்பறிந்து வேறு பெயரைத் தரும், யாருக்கும் முகம் சுருங்காது.

இந்த ரகசியத்தைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசில் நல்ல உதாரணம். 2015-இல் இஸ்ரேல், பிரேசிலின் இசைவு வருவதற்கு முன்பே டானி டயான் என்பவரின் பெயரை வெளியே சொல்லிவிட்டது. அவர் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர்களின் அமைப்புக்கு முன்னாள் தலைவர். பிரேசில் 'ஆம்' என்றும் சொல்லவில்லை, 'இல்லை' என்றும் சொல்லவில்லை. மாதங்கள் ஓடின. இரு பக்கமும் செய்தியாளர்களிடம் பேசப் பேசப் பின்வாங்க இடமில்லாமல் போனது. கடைசியில் 2016 மார்ச்சில் அவரை நியூயார்க்கில் தலைமைத் துணைத் தூதராக நியமித்து இஸ்ரேல் அந்தக் கதையை முடித்துக்கொண்டது. ஏற்கும் நாட்டு அலுவலருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: இசைவு கேட்கும் கோப்பு உங்கள் மேசையில் இருக்கும்போது அந்தப் பெயரைப் பற்றி எந்த நிருபரிடமும் ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

வருபவர் யார் என்று படித்துவைப்பது

இசைவு கொடுத்தபின் பல நேரம் சில மாதங்கள் கையில் இருக்கும். அமெரிக்காவாக இருந்தால் செனட் ஒப்புதல் வேறு வேண்டும். இந்த இடைவெளியை வீணாக்கக் கூடாது.

தூதர்களில் இரண்டு வகை உண்டு. வெளியுறவுப் பணியிலேயே வளர்ந்தவர்கள் ஒரு வகை. ஆட்சித் தலைவருக்கு நெருக்கமானவர் என்பதால் வருபவர்கள் இன்னொரு வகை. 2024 மே மாதம் டெல்லிக்கு வந்த சீனத் தூதர் சூ ஃபெய்ஹோங் முதல் வகை. ஆப்கானிஸ்தானிலும் ருமேனியாவிலும் தூதராக இருந்தவர். 2023-இல் வந்த அமெரிக்கத் தூதர் எரிக் கார்செட்டி இரண்டாம் வகை. லாஸ் ஏஞ்சலஸ் மேயராக இருந்தவர். அவருக்குப் பின் 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட செர்ஜியோ கோர், அதிபர் டிரம்பின் நெருங்கிய வட்டத்தில் இருந்தவர். அவருக்குத் தெற்கு, மத்திய ஆசியாவுக்கான சிறப்புத் தூதர் பொறுப்பும் சேர்த்து அறிவிக்கப்பட்டது. இந்தியாவையும் பாகிஸ்தானையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது டெல்லிக்கு எப்போதுமே ஒவ்வாத விஷயம் என்பதால், அந்த இரண்டாவது பொறுப்பு இங்கே உன்னிப்பாகக் கவனிக்கப்பட்டது.

தொழில்முறைத் தூதருக்கு விவரங்கள் அத்துப்படி, ஆனால் தன் தலைநகரம் சொன்னதைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார். அரசியல் நியமனத்தில் வருபவருக்கு விவரம் குறைவாக இருக்கலாம், ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பில் தன் தலைவரிடமே பேசிவிடுவார். இதைத் தெரிந்துவைத்துக்கொண்டால் எந்தக் கோப்பை இவரிடம் பேசலாம், எதை வாஷிங்டனிலோ பெய்ஜிங்கிலோ இருக்கும் நம் தூதர் வழியாகவே தள்ளலாம் என்பது விளங்கும். புதியவருக்குச் செல்வாக்கு அதிகம் என்பதற்காக எல்லாவற்றையும் அவரிடமே கொண்டுபோய்க் கொட்டுவது பெரிய தவறு. அந்தப் பக்கம் இருக்கும் நம் தூதர் செல்லாக்காசு ஆகிவிடுவார். நாளைக்கு இவருக்கும் அவர் தலைவருக்கும் மனக்கசப்பு வந்தால் நமக்கு இரண்டு வழியும் அடைபட்டுப் போகும்.

பிராந்தியப் பிரிவு தயாரிக்கும் குறிப்பில் நிலுவையில் இருக்கும் விவகாரங்களின் பட்டியல் இருக்க வேண்டும். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார்கள், எது எந்த நாளில் நின்றுபோனது என்பதும் அதில் வர வேண்டும். புகழ்ச்சியும் வரலாற்றுப் பெருமையும் முதல் பக்கத்தோடு போதும்.

விமான நிலையத்திலிருந்து ராஷ்டிரபதி பவன் வரை

வந்து இறங்கியவர் உடனே முழுத் தூதர் ஆகிவிடுவதில்லை. அவரிடம் ஒரு நற்சான்றுப் பத்திரம் இருக்கும். அவருடைய நாட்டுத் தலைவர் நம் குடியரசுத் தலைவருக்கு எழுதியது. 'என் சார்பில் இவர் சொல்வதை நம்புங்கள்' என்பதுதான் அதன் சாரம். கூடவே முந்தைய தூதரைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் கடிதமும் இருக்கும். இவற்றின் நகலை முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் புரோட்டோகால் தலைவரிடம் கொடுக்க வேண்டும்.

நகலைக் கொடுத்த நாளிலிருந்து பணி தொடங்கியதாகக் கொள்வதா, மூலத்தைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்த நாளிலிருந்தா என்பதை ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் எல்லா நாட்டுத் தூதர்களுக்கும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. பெரிய நாட்டுக்கு ஒரு வழக்கம், சின்ன நாட்டுக்கு ஒரு வழக்கம் கூடாது.

தூதர்களுக்குள் முன்னுரிமை வரிசையும் பணி தொடங்கிய தேதியையும் நேரத்தையும் வைத்துத்தான். நாட்டின் பரப்பளவு, பணம், படைபலம் எதுவும் கணக்கில் வராது. டெல்லியில் 150-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தூதரகங்கள் இருக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அவர்கள் எல்லாருக்கும் மூத்தவராக, தூதர்களின் முதல்வராக இருந்தவர் எரித்திரியாவின் தூதர். அமெரிக்கத் தூதரோ ரஷ்யத் தூதரோ பொது நிகழ்ச்சியில் அவருக்குப் பின்னால்தான். எனக்கு இந்த விதி மிகவும் பிடிக்கும். சின்ன நாடுகளை மதிக்கிறோம் என்று வாயால் சொல்வதைவிட இருக்கை வரிசையில் காட்டுவது எவ்வளவோ மேல்.

பத்திரம் கொடுக்கும் நாளில் நான்கைந்து நாட்டுத் தூதர்களுக்கு ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராக நிகழ்ச்சி அமையும். ராஷ்டிரபதி பவனில், முன்பு அசோக் ஹால் என்று இருந்து 2024 ஜூலையில் அசோக் மண்டபம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தக் கூடம் இதற்குப் பழக்கப்பட்ட இடம். கொரோனா காலத்தில், 2020 மே 21 அன்று, ராஷ்டிரபதி பவன் வரலாற்றில் முதல்முறையாகக் காணொளி வழியே பத்திரங்கள் ஏற்கப்பட்டன. அன்றைக்கு வட கொரியா, செனகல், டிரினிடாட் டொபேகோ, மொரிஷியஸ், ஆஸ்திரேலியா, கோட் டி ஐவார், ருவாண்டா என ஏழு நாட்டுப் பிரதிநிதிகள். கூடம் இல்லாமலும் இதை நடத்தலாம், இதை நடத்தாமல் விட முடியாது என்று அரசு எண்ணியதே அந்த நாளில் கவனிக்க வேண்டியது.

பத்திரம் கொடுக்கும் வரை அவர் 'நியமனத் தூதர்' மட்டுமே. அதற்குள் அமைச்சர்களைப் பார்ப்பது வழக்கமில்லை. கோர் 2025 அக்டோபரில் நியமனத் தூதராகவே வந்து பிரதமரைச் சந்தித்தார். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அவை மேலிடத்தில் யோசித்து எடுக்கப்படும் முடிவுகள். கீழ்நிலை அலுவலர் ஒருவர் ஆர்வக்கோளாறில் ஏற்பாடு செய்கிற விஷயம் அல்ல.

முதல் மூன்று மாதம்: உண்மையான வேலை இங்கேதான்

பத்திரம் கொடுத்தபின் மரியாதைச் சந்திப்புகள் தொடங்கும். வெளியுறவுச் செயலர், அமைச்சர், மற்றத் துறைகளின் செயலர்கள் என்று போகும். படங்கள் எக்ஸ் தளத்தில் வரும். அவை எல்லாம் தேவைதான். ஆனால் தூதரின் அன்றாட வாழ்க்கை எந்த மேசையைச் சுற்றி இருக்கும் என்றால், அது அவர் நாட்டைக் கவனிக்கும் இணைச் செயலரின் மேசை. பதவியில் தூதர் மேலே, இணைச் செயலர் கீழே. இருந்தாலும் எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்தவர் இணைச் செயலர்தான். அவர் தூதரின் தொலைபேசியை எடுப்பாரா, எவ்வளவு நேரத்தில் திருப்பிக் கூப்பிடுவார் என்பதில்தான் உறவின் தரம் தெரியும்.

இணைச் செயலருக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். முதல் சந்திப்பிலேயே கடினமான விஷயத்தையும் பேசிவிடுங்கள். இனிப்பாக மட்டும் பேசி அனுப்பினால், மூன்றாம் மாதம் கோபமான செய்தியோடு கூப்பிடும்போது அவர் அதிர்ந்துபோவார். 'நம்மிடையே இருக்கும் சிக்கல்கள் இவை, இவற்றில் இந்த இரண்டும் சீக்கிரம் தீரக்கூடியவை' என்று சொல்லுங்கள். அந்த இரண்டில் ஒன்றையாவது தீர்த்துக் காட்டுங்கள். அப்புறம் பெரிய பேச்சுக்கு இடம் தானாக வரும்.

எழுத்துத் தொடர்புக்கும் ஒழுங்கு உண்டு. தூதரகமும் அமைச்சகமும் 'நோட் வெர்பால்' என்ற குறிப்பில் எழுதிக்கொள்ளும். 'இந்தத் தூதரகம் தன் வணக்கங்களைத் தெரிவித்துக்கொள்கிறது' என்று படர்க்கையில் தொடங்கும், கையெழுத்து இருக்காது, சுருக்கொப்பமும் முத்திரையும்தான். ஒரு யோசனையை நூல்விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் 'நான்-பேப்பர்' என்று தலைப்பும் முத்திரையும் இல்லாத தாள் கைமாறும். வாட்ஸ்அப்பில் பேசுவது இப்போது எல்லா இடத்திலும் நடக்கிறது. பேசுங்கள், ஆனால் உறுதிமொழி என்று ஏதாவது வந்தால் அதே நாளில் கோப்பில் ஒரு பதிவு வையுங்கள்.

ஒரே வாசல், ஆனால் திறந்த வாசல்

அலுவல் வேலை எல்லாம் வெளியுறவு அமைச்சகம் வழியாகவோ, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட வேறு அமைச்சகம் வழியாகவோதான் நடக்க வேண்டும் என்கிறது 41-ஆம் பிரிவு. உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக் கூடாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இதை இறுக்கிப் பிடித்தால் தூதர் மூச்சு முட்டிப் போவார். தளர விட்டால் ஒவ்வொரு துறையும் தனித்தனியாகப் பேசி, ஒரே நாட்டுக்கு ஐந்து பதில் போகும். வெளியுறவு அமைச்சகம் இடையில் நின்று மறிக்காமல், எல்லாச் சந்திப்பும் தனக்குத் தெரிந்து நடக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். யார் எதற்குப் போகிறார் என்று தெரிந்தால், போகும் துறைக்கு ஒரு பக்கக் குறிப்பை முன்கூட்டியே அனுப்பிவிடலாம்.

சென்னை போன்ற ஊர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். புதிய தூதர்கள் முதல் ஆண்டிலேயே சென்னை வருவார்கள். கார் ஆலைகள், மின்னணுத் தொழிற்சாலைகள், ஐஐடி என்று பார்க்க நிறைய இருக்கிறது. முதல்வரைச் சந்திக்க நேரம் கேட்பார்கள். தலைமைச் செயலகத்தில் 'பொது' என்ற துறையின் புரோட்டோகால் பிரிவு ஏற்பாடுகளைப் பார்க்கும். வெளியுறவு அமைச்சகத்துக்கே சென்னையில் ஒரு கிளைச் செயலகம் இருக்கிறது. அவர்களையும் முதல் நாளிலிருந்தே கூட்டிக்கொள்ளுங்கள். முதலீடு, கல்வி, பண்பாடு என்று மாநிலம் தாராளமாகப் பேசலாம். எல்லை, அகதிகள், மீன்பிடி உரிமை என்று பேச்சு திரும்பினால் மாநிலத்தின் கருத்தைத் தெளிவாகச் சொல்லலாம், ஆனால் இந்தியாவின் சார்பில் வாக்குக் கொடுக்க முடியாது. சந்திப்பு முடிந்ததும் பேசியதன் சுருக்கம் டெல்லிக்குப் போயாக வேண்டும்.

சலுகைகள்

நீலப் பலகையில் 'சிடி' என்று எழுதிய கார், வரிவிலக்கு, சுங்கச் சோதனையில் விலக்கு, அடையாள அட்டை, வழக்கிலிருந்து பாதுகாப்பு. இவையெல்லாம் தூதரின் பணி தடையில்லாமல் நடப்பதற்காக. கொடுப்பதும் குறைப்பதும் பரிமாற்ற அடிப்படையில் நடக்கும். 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதரக அலுவலர் கைதானபோது, டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இருந்த கான்கிரீட் தடுப்புகள் அகற்றப்பட்டன, அடையாள அட்டைகளும் விமான நிலைய அனுமதிச் சீட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன. சலுகையைக் குறைத்துக் கோபத்தைக் காட்டலாம். தூதரகத்தின் பாதுகாப்பில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது 22-ஆம் பிரிவின்படி ஏற்கும் நாட்டின் கடமை. தடுப்புகளை அகற்றியது அந்தக் கோட்டுக்கு மிக அருகில் போன செயல் என்றே நான் நினைக்கிறேன்.

உரசல் வரும்போது

கண்டிப்பாக வரும். அதற்குப் படிக்கட்டு இருக்கிறது, கீழ்ப்படியிலிருந்து தொடங்க வேண்டும். தொலைபேசியில் கவலை தெரிவிப்பது, நேரில் அழைத்துப் பேசுவது, அழைத்ததைச் செய்தியாளர்களுக்குச் சொல்வது, நம் தூதரை ஆலோசனைக்கு என்று திரும்ப வரவழைப்பது, அவர்கள் அலுவலரை 9-ஆம் பிரிவின்படி வெளியேறச் சொல்வது, தூதரக ஆட்களின் எண்ணிக்கையைக் குறைப்பது, தூதர் நிலையிலிருந்தே உறவை இறக்குவது. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் இந்தக் கடைசிப் படிக்குப் போய், தூதர் இல்லாதபோது தூதரகத்தை நடத்தும் பொறுப்புத் தூதர்களோடு நின்றன. 2025 ஏப்ரலில் ஆட்களின் எண்ணிக்கை 55-இலிருந்து 30 ஆனது. மேல்படிக்கு ஏறிவிட்டால் இறங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கீழ்ப்படி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழ் வாசகர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். 2025 ஜனவரி 28 அதிகாலை நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில், படகில் இருந்த 13 இந்திய மீனவர்களில் ஐந்து பேர் காயமடைந்தார்கள். டெல்லியில் இலங்கையின் தற்காலிகப் பொறுப்பு உயர் ஆணையர் (காமன்வெல்த் நாடுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் தூதருக்கு உயர் ஆணையர் என்று பெயர்) வெளியுறவு அமைச்சகத்துக்கு அழைக்கப்பட்டார். கொழும்பில் நம் தூதரகம் அங்குள்ள வெளியுறவு அமைச்சகத்திடம் அதே விஷயத்தை எழுப்பியது. யாழ்ப்பாணத்தில் நம் துணைத் தூதரக அலுவலர்கள் மருத்துவமனைக்குப் போய்க் காயமடைந்தவர்களைப் பார்த்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே நாளில், ஒரே குரலில். அழைப்பாணை இப்படித்தான் இருக்க வேண்டும். டெல்லியில் மட்டும் கூப்பிட்டுக் கண்டித்து அனுப்பினால் அது உள்நாட்டுச் செய்திக்காகச் செய்த காரியமாகவே நின்றுவிடும்.

தூதர் சொன்ன சொல்லை அவர் அரசே மீறினால்? இதற்கும் நம் கரையோரக் கதை ஒன்று உண்டு. 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் இத்தாலியக் கப்பல் காவலர்கள் சுட்டு இரண்டு மீனவர்கள் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். காவலர்கள் இருவரும் தேர்தலில் வாக்களிக்க ஊருக்குப் போக 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. திரும்பி வருவார்கள் என்று இத்தாலியத் தூதர் டேனியல் மான்சினி உறுதிமொழி கொடுத்திருந்தார். மார்ச்சில் இத்தாலி அவர்களை அனுப்ப மாட்டோம் என்றது. உடனே தூதர் இந்தியாவை விட்டுப் போகக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. தூதரின் நடமாட்டத்தைத் தடுப்பது வியன்னா உடன்படிக்கைக்குப் பொருந்துமா என்று உலகம் முழுக்க விவாதம் கிளம்பியது. மார்ச் 22 அன்று காவலர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

பலன் கிடைத்ததே என்று கேட்கலாம். கிடைத்தது உண்மைதான், அந்த மீனவக் குடும்பங்களின் வலியும் உண்மை. ஆனால் நாளைக்கு வேறு ஊரில் நம் தூதர் இதே நிலையில் நின்றால் நாம் எந்தப் பிரிவைக் காட்டுவோம்? அதனால் என் கருத்து, தூதரின் தனிப்பட்ட உறுதிமொழியை அரசோ நீதிமன்றமோ பிணையாக ஏற்கும் நிலையே வரக் கூடாது. அவர் சொல்வது அவர் அரசின் சொல். வாங்குவதானால் அரசிடமிருந்தே எழுத்தில் வாங்க வேண்டும்.

நாற்காலி காலியாக இருந்தால்

தூதர் இல்லாத காலத்தைப் பொறுப்புத் தூதர் நடத்துவார், 19-ஆம் பிரிவு. அமெரிக்கத் தூதர் கென்னத் ஜஸ்டர் 2021 ஜனவரியில் போனபின் கார்செட்டி 2023 மே 11 அன்று பத்திரம் கொடுக்கும் வரை அமெரிக்கத் தூதர் இடம் இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாகவே இருந்தது. காரணம் இந்தியா அல்ல, செனட்டில் அவர் பெயர் சிக்கிக்கொண்டது. அந்தக் காலத்திலும் இந்தியா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா சேர்ந்த குவாட் அமைப்பின் தலைவர்கள் கூடினார்கள், முக்கியத் தொழில்நுட்பங்களுக்கான இந்திய-அமெரிக்க ஐசெட் முயற்சி தொடங்கியது. சீனத் தூதர் சுன் வெய்டோங் 2022 அக்டோபரில் போனபின் சுமார் 18 மாதம் அடுத்தவர் வரவில்லை. எல்லையில் இறுக்கம் இருந்த காலம் அது. இரண்டும் காலி நாற்காலிதான், காரணம் வேறு. முதலில் காரணத்தைப் பிரித்தறியுங்கள். தாமதம் உள்நாட்டு அரசியலால் என்றால் பொறுப்புத் தூதருக்கு முழுத் தூதருக்கான வாசல்களைத் திறந்துவிடுங்கள்.

முறிந்த உறவைச் சரிசெய்யவும் தூதர் நியமனமே கருவியாகும். கனடாவோடு 2024 அக்டோபரில் இரு பக்கமும் தூதரக அலுவலர்களை வெளியேற்றின. 2025 ஜூனில் பிரதமர்கள் மோடியும் கார்னியும் கனடாவின் கனனாஸ்கிஸில் சந்தித்தபின், ஆகஸ்ட் 28 அன்று இரண்டு நாடுகளும் ஒரே நாளில் உயர் ஆணையர்களை அறிவித்தன. யார் முதலில் இறங்கிவந்தார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே நாளில் அறிவிப்பது என்ற அந்தச் சின்ன ஏற்பாட்டை இதே சிக்கலில் இருக்கும் எந்த அரசும் கடன் வாங்கலாம்.

அவர் கிளம்பும்போது

பெரும்பாலான தூதர்கள் மூன்று, நான்கு ஆண்டில் போய்விடுவார்கள். விடைபெறும் சந்திப்புகளை மரியாதையோடு நடத்துங்கள், போகிறவர் தன் நாட்டில் நம்மைப் பற்றிப் பேசப்போகும் முக்கியமான ஆள். அதோடு, கடைசி மாதத்தில் இணைச் செயலர் அவரோடு ஒருமுறை உட்கார்ந்து, வாய்வார்த்தையாக ஒத்துக்கொண்டு இன்னும் முடியாமல் இருப்பவற்றைப் பட்டியலிட வேண்டும். அந்தப் பட்டியலை நோட் வெர்பாலாகத் தூதரகத்துக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்து வருபவருக்கு அது முதல் வாரமே மேசையில் இருக்கும்.